பட்டாளத்து வீட்டுக் கேள்விகள்: முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பற்றி அடிக்கடி கேட்கப்படுபவை

ராணுவத்தில் 24 வருடம் கிளார்க் வேலை பார்த்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். வந்த பிறகும் பேனா என்னை விடவில்லை. எங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் அதன் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன். ஒரே சந்தேகத்தை வேறு வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், கேட்டது கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். இது தமிழ்நாட்டுக் கணக்கு. வேறு மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தந்த மாநில விதி.

"சார், இந்த ஆபீஸ் மிலிட்டரியோடதா, கலெக்டரோடதா?"

மாநில அரசினுடையது. சென்னையில் முன்னாள் படைவீரர் நல இயக்ககம் இருக்கிறது, அதன் கீழ் மாவட்ட அலுவலகங்கள். மாவட்ட அலுவலகத்துக்குத் தலைவர் உதவி இயக்குநர். நம் ஆட்கள் இன்னமும் 'சைனிக் போர்டு' என்றுதான் சொல்கிறார்கள், ஆட்டோக்காரருக்கும் அந்தப் பெயர்தான் புரியும்.

மேலே டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் கேந்திரிய சைனிக் போர்டு இருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து ஆட்கள் கும்பல் கும்பலாக ஊர் திரும்பிய 1919இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த வாரியம் அது, இந்தப் பெயர் 1975இல் வந்தது. மாநில, மாவட்ட அலுவலகங்களை நடத்தும் செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. அதனால்தான் ஒரே மேசையில் இரண்டு அரசின் விண்ணப்பங்களும் கிடக்கின்றன, நமக்கும் குழப்பம் வருகிறது. எந்தத் தாள் எந்த அரசினுடையது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

"நான் எட்டு வருஷம் இருந்துட்டு வேணாம்னு வந்துட்டேன். நானும் எக்ஸ் சர்வீஸ்மேன்தானே?"

இல்லை. சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்தவர் எல்லாரும் 'முன்னாள் படைவீரர்' ஆகிவிட மாட்டார். தரைப்படை, கடற்படை, விமானப்படையில் பணி முடித்து ஓய்வூதியத்தோடு வந்தவர், ராணுவப் பணியால் உடல் பாதித்து மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டு ஊன ஓய்வூதியம் பெறுபவர், குறிப்பிட்ட பணிக்காலத்தை முடித்துப் பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டவர் ஆகியோர்தான் கணக்கில் வருவார்கள். ஓய்வூதியத்துக்கு முன்பே சொந்த விருப்பத்தில் விலகியவர், ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவர் வரமாட்டார்கள்.

இதிலும் தேதி வாரியாக உட்பிரிவுகள் உண்டு. 1979 ஜூலை 1க்கு முன் வந்தவருக்குத் தனி விதிகள், அதிலிருந்து 1987 ஜூன் 30க்குள் வந்தவருக்கு ஒரு விதி, அதற்குப் பின் வந்தவருக்கு வேறு. படையிலிருந்து விடுவிக்கும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வெளியேறிய காரணம் ஒற்றை வரியில் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். அலுவலகத்தில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

"சி.ஆர்.பி.எஃப்.ல இருந்தவங்களுக்கு என்ன குறைச்சல்? அவங்களும் பார்டர்ல சுட்டவங்கதான்."

குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுக்கு நல வாரியம் தனி, கல்வி உதவித்தொகையும் தனி. இந்த அலுவலகம் முப்படைக்கு மட்டும். எல்லைச் சாலை அமைக்கும் 'கிரெஃப்' ஆட்களும் இதில் சேர்த்தி இல்லை. என் சொந்த மைத்துனரே பி.எஸ்.எஃப்.காரர். இந்தப் பதிலை வீட்டில் சொல்லி ஒரு பொங்கலை வீணாக்கியிருக்கிறேன்.

"பையன் அக்னிவீர்ல போயிருக்கான். நாலு வருஷம் கழிச்சு வந்தா அவனுக்கும் அட்டை குடுப்பாங்களா?"

இப்போதுள்ள விதிப்படி கிடையாது. நான்கு ஆண்டு முடித்து வெளியே வரும் அக்னிவீரருக்கு ஓய்வூதியம், பணிக்கொடை, மருத்துவத் திட்டம், கேண்டீன், முன்னாள் படைவீரர் தகுதி எதுவும் இல்லை என்று பணி நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் 'சேவா நிதி' கிடைக்கும், அதற்கு வருமான வரி இல்லை. 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். அவர்கள் பின்னாளில் ஓய்வு பெறும்போது மற்றவர்களைப் போலத்தான். முதல் அணி 2022 கடைசியிலும் 2023 ஜனவரியிலுமாக உள்ளே போனது, ஆகவே இந்தக் கேள்வி இனி வாரம் தவறாமல் வரும்.

"டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வருஷம் ஆச்சு, பென்ஷன் ஒழுங்கா வருது. எதுக்கு ஆபீஸ்ல பதியணும்?"

உங்களுக்கு வேண்டியிருக்காது, உங்கள் மனைவிக்கு வேண்டும். ஓய்வூதியம் தானாக வரும். அலுவலகத்திலிருந்து கிடைக்கும் எதுவும் தானாக வராது. நீங்கள் ஊருக்கு வந்துவிட்டீர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பதிவு செய்து அடையாள அட்டை எடுத்தால்தான் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு, முன்னாள் படைவீரரின் பிள்ளை என்று காட்டும் 'சார்ந்தோர் சான்று' கிடைக்கும், வேலைவாய்ப்புப் பதிவு நடக்கும், நாளைக்கு உங்கள் மனைவிக்குக் கைம்பெண் அட்டை எடுப்பதும் சுலபமாகும்.

டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ. என்றால்தான் நமக்குப் புரியும்), ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம் எல்லாவற்றிலும் அசலையும் நகலையும் எடுத்துப் போங்கள். வேறு மாவட்டத்துக்குக் குடிபோனால் பதிவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய மாவட்டத்தில் கோப்பும் புதிய மாவட்டத்தில் ஆளுமாக இருந்தால் எந்தச் சான்றும் நகராது.

"பேர்ல ஒரு எழுத்துதானே மாறியிருக்கு, அதுக்குப் போய் திருப்பி அனுப்பிட்டாங்க!"

இந்தப் பெஞ்சில் நான் எழுதும் மனுக்களில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பெயரை எழுதியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். ஆள் சேர்ப்பு முகாமில் அவசரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டு கிளார்க். அவருக்கு 'ழ' கிடையாது, குறில் நெடில் கவலையும் கிடையாது. பழனி பலனி ஆவார். கனகவல்லி கங்காவல்லி ஆவாள். அப்பா பெயர் இன்ஷியலாக இருக்க வேண்டியது, குடும்பப் பெயராக நீண்டு கிடக்கும். ராணுவத்தில் இருக்கும்வரை நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

போன மாசம் ஒரு அம்மா வந்தார்கள். மஞ்சப்பைக்குள் பாலிதீன் கவர், அதற்குள் ஒரு பழைய காலண்டர் அட்டை, அதில் மடித்து வைத்த பி.பி.ஓ. அதில் மனைவி பெயர் 'செல்வி'. ஆதாரில் 'தமிழ்ச்செல்வி'. வங்கிப் புத்தகத்தில் 'தமிழ்செல்வி முருகேசன்'. மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் வேலை, கணவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த அம்மா தலையில் விழுந்திருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே ஒரு கையெழுத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை.

செய்ய வேண்டியது இதுதான். ஆதாரில் உள்ளபடி பெயரையும் பிறந்த தேதியையும் வைத்து உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து, நல அலுவலகத்தின் கடிதத்தோடு, உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்கு செகந்திராபாத். கல்யாணத்தையும் குழந்தை பிறப்பையும் பணியில் இருக்கும்போதே 'பார்ட் டூ ஆர்டர்' என்கிற உத்தரவு போட்டுப் பணி ஆவணத்தில் ஏற்றாதவர்களுக்கும் வழி இதே. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பதிவுத் தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

"பென்ஷன் திடீர்னு நின்னுபோச்சு. இங்க மனு குடுத்தா வந்துடுமா?"

ஓய்வூதியம் போடுவது இந்த அலுவலகம் இல்லை. இப்போது எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்கிற கணினி முறையில் பிரயாக்ராஜிலிருந்து நேரடியாக வங்கிக்கு வருகிறது. திடீரென்று நின்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வருடத்துக்கு ஒருமுறை தர வேண்டிய உயிர்வாழ் சான்று போகவில்லை. பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தோ, கைபேசியில் முகத்தைக் காட்டியோ 'ஜீவன் பிரமாண்' எடுத்துவிட்டால் நின்ற தொகையும் சேர்ந்து வந்துவிடும்.

கைரேகை தேய்ந்துபோன பெரியவர்கள் முகம் காட்டும் முறையைக் கேளுங்கள். எண்பது வயது சுபேதார் ஒருவர் கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்து வைத்துக்கொண்டிருந்தார், இயந்திரம் அவர் உயிரோடு இருப்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"கேண்டீன் கார்டும் ஈ.சி.ஹெச்.எஸ். கார்டும் இங்கதானே?"

இரண்டும் இங்கே இல்லை. கேண்டீனைப் படைப் பிரிவுகள் நடத்துகின்றன, அட்டை அங்கேதான். ஈ.சி.ஹெச்.எஸ். 2003 ஏப்ரலில் தொடங்கிய மருத்துவத் திட்டம், ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கானது, அதற்குப் பாலிகிளினிக்கில் போய் விசாரிக்க வேண்டும்.

"எங்க மாமாவுக்குப் பென்ஷனே இல்ல, வயசு எழுபது. ஏதாவது உண்டா?"

உண்டு, பலருக்குத் தெரியாத ஒன்று. ஓய்வூதியம் இல்லாத, வேறு வருமானமும் இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் படைவீரருக்கும் கைம்பெண்ணுக்கும் மத்திய அரசு மாதந்தோறும் வறுமை நிவாரணம் தருகிறது. ஹவில்தார் வரை உள்ளவர்களுக்குத்தான். மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன தகுதி முதலில் இருக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் இருந்து ஓய்வூதியம் இல்லாமல் வந்தவர்களுக்கு மாநில அரசு தனியாக மாத உதவி தருகிறது. அவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்கள் நூறு வயதை ஒட்டியவர்கள். பெரும்பாலும் அவர்கள் மனைவிமார்தான் வாங்குகிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் தயவுசெய்து கூட்டிக்கொண்டு வாருங்கள்.

"பொண்ணு கல்யாணத்துக்கு, பசங்க படிப்புக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

மத்திய அரசின் கணக்கில், ஹவில்தார் வரை உள்ளவர்களின் பிள்ளைகள் இரண்டு பேருக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை தலைக்கு மாதம் 2,000 ரூபாய். மகள் கல்யாணத்துக்கு 1 லட்சம், இரண்டு மகள்கள் வரை. கைம்பெண் மறுமணம் செய்துகொண்டாலும் அந்த 1 லட்சம் உண்டு. இவையும் மேலே சொன்ன அதே தேதியிலிருந்து இரட்டிப்பானவை. கல்யாணம் முடிந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மொய்க்கணக்கு பார்த்து முடிப்பதற்குள் நாலு மாதம் ஓடிவிடும், கவனம்.

தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை தனி. நாடு முழுவதும் வருடத்துக்கு 5,500 பேர், பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. பிளஸ் டூவில் குறைந்தது 60 சதவீதம் வேண்டும். பொறியியல், மருத்துவம், நர்சிங் மாதிரியான படிப்புகளுக்குத்தான், சாதாரண பி.ஏ., பி.எஸ்சி.க்குக் கிடையாது. முதல் வருடத்திலேயே போட வேண்டும், இரண்டாம் வருடம் ஞாபகம் வந்தால் பயனில்லை.

"ஸ்டேட்லயும் வாங்கலாம், சென்ட்ரல்லயும் வாங்கலாம்னு ஒருத்தர் சொன்னாரே?"

அந்த ஒருத்தர் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் 'தொகுப்பு நிதி' என்று ஒன்று உண்டு, அதிலிருந்தும் படிப்புக்கு உதவித்தொகை வருகிறது. ஆனால் ஒரே பிள்ளைக்கு, ஒரே காரணத்துக்கு, இரண்டு கஜானாவிலும் வாங்க முடியாது. மத்திய அரசின் படிவத்திலேயே 'மாநிலத்திலிருந்து பெறவில்லை' என்று உறுதி கொடுக்கிறோம். எது அதிகம், எது சீக்கிரம் கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒன்றைப் போடுங்கள்.

"இன்ஜினியரிங் சீட்டுல நமக்கு ஒதுக்கீடு உண்டா?"

உண்டு. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள். பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு நடந்துவிடும். மருத்துவத்திலும் சில இடங்கள் இருக்கின்றன, ஆனால் கையளவுதான். மே, ஜூன் மாதங்களில் சார்ந்தோர் சான்றுக்கு வரிசை தெருவரை நிற்கும். ஏப்ரலிலேயே அட்டை, பெயர் விவகாரம் எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டால் அந்த வரிசையில் நிற்பதோடு வேலை முடியும், அழ வேண்டியிருக்காது.

"எனக்கு வயசு நாப்பது. இனிமே யார் வேலை குடுப்பாங்க?"

மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் 10 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் குரூப் சியில் 14.5 சதவீதம் நமக்கு. இதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற படைவீரருக்கும் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கும். வயதுக்குக் கணக்கு இப்படி: உங்கள் வயதிலிருந்து படையில் இருந்த வருடத்தைக் கழியுங்கள், அதன் பிறகு வரும் எண் உச்ச வரம்பைவிட 3 வருடத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும். நாற்பது வயதுக்காரர் 20 வருடம் பணி செய்திருந்தால் காகிதத்தில் அவருக்கு வயது இருபது. என் வயதை மனைவி நம்பவில்லை, வங்கி நம்பியது.

தமிழ்நாடு காவல் துறையில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் 5 சதவீதம் நம் ஆட்களுக்கு. நல அலுவலகத்திலேயே வேலைவாய்ப்புப் பதிவும் நடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனதும் பதியுங்கள்.

"ஏற்கெனவே கோட்டாவுல ஒரு வேலை கிடைச்சுடுச்சு. அதைவிட நல்லது வந்தா மறுபடி கோட்டாவுல போகலாமா?"

ஒரு முறை ஒதுக்கீட்டில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை தீர்ந்தது. மத்திய அரசில் ஒரு சின்ன கதவு இருக்கிறது. முதல் வேலையில் சேர்ந்த உடனே, 'இதற்கு முன்பே இன்னின்ன பதவிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்' என்று தேதியோடு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பதவிகளுக்கு மட்டும் சலுகை நீடிக்கும். சேர்ந்த மகிழ்ச்சியில் இந்தத் தாளைக் கொடுக்காமல் விட்டவர்கள் நிறைய. அவர்களில் ஒருவன் நான்.

"டெக்ஸ்கோன்னா என்ன, அதுவும் இவங்கதானா?"

அண்ணன் தம்பி என்று சொல்லலாம். தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம், 1986இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனம். அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களுக்குக் காவலர் முதலான வேலைக்கு நம் ஆட்களை அனுப்புகிறது. ஒப்பந்த வேலைதான், நிரந்தரமில்லை. ஆனால் தனியார் ஏஜென்சியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவரைக் கேட்டுப் பாருங்கள், டெக்ஸ்கோவின் அருமை தெரியும்.

"காவல் வேலை எனக்கு ஒத்துவராது. சொந்தமா தொழில் பண்ணணும்."

2024 சுதந்திர தின உரையில் அறிவித்து 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைப் பாருங்கள். 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். மானியம் அரசினுடையது, கடன் வங்கியினுடையது. வங்கி மேலாளர் உங்கள் பதக்கத்தைப் பார்க்க மாட்டார், திட்ட அறிக்கையைத்தான் பார்ப்பார். நம் ஆட்கள் கேண்டீன் நடத்திய அனுபவத்தில் மளிகைக் கடை போட்டு, ஊரெல்லாம் கடன் கொடுத்துவிட்டு உட்காருகிறார்கள். முதலில் ஒரு வருடம் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டுப் பெரிய கடனுக்குப் போங்கள் என்பது என் யோசனை, அரசின் விதி இல்லை.

"எங்களுக்கு ஒரே பையன், அவனையும் பட்டாளத்துக்கு அனுப்பிட்டோம். பெத்தவங்களுக்கு ஏதும் இல்லையா?"

இருக்கிறது. 'போர்ப்பணி ஊக்க மானியம்' என்று பெயர். ஒரே பிள்ளையையோ, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளையோ படைக்கு அனுப்பிய பெற்றோருக்கு மாநில அரசு தருவது, வெள்ளிப் பதக்கமும் உண்டு. தொகை பெரிதில்லை. ஆனால் கலெக்டர் கையால் பதக்கம் வாங்கிய ஒரு கீரைக்காரம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

"எங்கப்பாவுக்கு ஆறு மெடல் இருக்கு. அதுக்குப் பணம் தருவாங்களாமே?"

பதக்கத்தில் இரண்டு ரகம். ஒன்று சேவைப் பதக்கம். இன்ன இடத்தில் இருந்தார், இத்தனை வருடம் பணி செய்தார் என்பதற்குக் கொடுப்பது, அதற்குப் பணம் இல்லை. இன்னொன்று வீரத்துக்கு: பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்கள், அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ராக்கள் மாதிரி. இவற்றுக்கு மாநில அரசு ரொக்கம் தருகிறது, 2023-24 பட்ஜெட்டில் அந்தத் தொகையை நான்கு மடங்காக்கினார்கள். பதக்கத்தின் விளிம்பைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எந்த ரகம் என்று தெரியாவிட்டால் விளக்கிப் பளபளப்பாக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். புளி போட்டுத் தேய்த்து எழுத்தே போன பதக்கம் ஒன்று வந்தது.

"சண்டையில செத்துப்போனவங்க குடும்பத்துக்கு என்ன பண்றாங்க? சால்வை போடறதோட சரியா?"

கோபம் புரிகிறது. சால்வையும் உண்டு, குடியரசு தினம், சுதந்திர தினம் வந்தால் மைதானத்தில் உட்காரவைத்துப் போர்த்துவார்கள். அதைத் தாண்டி, பணியில் உயிர்நீத்த தமிழ்நாட்டு வீரரின் குடும்பத்துக்கான கருணைத் தொகையை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்தி அதே 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மத்திய அரசின் கருணைத் தொகையும் குடும்ப ஓய்வூதியமும் தனி.

2020இல் கல்வானில் இறந்த ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது. கார்கிலில் போன மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. பெயர் பத்திரிகையில் வராத வீடுகளும் இருக்கின்றன. அங்கே உதவி இயக்குநர் வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். சிலர் போகிறார்கள்.

"கொடிநாள்னு உண்டியல் குலுக்கறாங்களே, அந்தப் பணம் யாருக்குப் போகுது?"

உங்களுக்குத்தான். 1949இலிருந்து டிசம்பர் 7 கொடிநாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படை நிறத்தில் சின்னக் காகிதக் கொடி. மாவட்டத்தில் கலெக்டர் பொறுப்பு. பள்ளிக்கூடம், அலுவலகம் என்று வசூலாகி நிதியில் சேர்ந்து, கல்வி உதவி, கைம்பெண்களுக்குத் தையல் இயந்திரம் என்று திரும்பி வருகிறது. மேலே சொன்ன வறுமை நிவாரணமும் கல்யாண உதவியும் டெல்லியில் உள்ள கொடிநாள் நிதியிலிருந்து வருபவைதான். கொடுக்கிற பணத்துக்கு வருமான வரி விலக்கும் உண்டு.

கட்டாயமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கட்டாயமில்லை, நன்கொடை. சில இடங்களில் இலக்கு வைத்துச் சம்பளத்தில் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. மனமில்லாமல் கொடுத்த காசு எங்கள் வீட்டுப் பிள்ளை படிப்புக்கு வர வேண்டுமா என்ன?

"எங்க ஊர்ல பழைய கல்லு ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ்ல ஏதோ சோல்ஜர்னு எழுதியிருக்கு. அது என்ன?"

முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று வெள்ளைக்காரன் பல ஊர்களில் பதித்த கல். வேலூர் மணிக்கூண்டிலேயே ஒன்று இருக்கிறது: 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் துறந்தார்கள். கீழே பூக்கடை, மேலே நின்றுபோன கடிகாரம், நடுவில் அந்த எண்ணிக்கை. பெயர் ஒன்றுகூட இல்லை. உங்கள் ஊர்க் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், படம் எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள்.

"டோல்கேட்ல அட்டையைக் காட்டினா விடமாட்டேங்கறான்!"

விடமாட்டான், அவன் செய்வது சரி. சுங்கவரி விலக்கு பணியில் இருப்பவர் கடமையில் போகும்போதுதான். ஓய்வு பெற்றவருக்கு இல்லை. வீர விருதுச் சக்ராக்கள் பெற்றவர்கள் மட்டும் அட்டை காட்டிப் போகலாம். வரிசையை நிறுத்திச் சண்டை போடுபவர்களால் எல்லாருக்கும் கெட்ட பெயர்.

"ஆபீஸ்லயே ஆறு மாசமா இழுத்தடிக்கறாங்க. யார்கிட்ட சொல்றது?"

கலெக்டர் தலைமையில் முன்னாள் படைவீரர் சிறப்புக் குறைதீர்க்கும் நாள் கூட்டம் அவ்வப்போது நடக்கும், தேதி செய்தித்தாளில் வரும். மனுவை இரண்டு பிரதியாக, அட்டை நகலோடு கொண்டுபோங்கள். ஒரு பிரதியில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வேறு மாவட்டம் ஒன்றில் என் நண்பரின் கோப்பு பதினோரு மாதம் ஒரே அலமாரியில் இருந்தது, முத்திரை போட்ட பிரதியைக் காட்டிய அன்று மதியம் வெளியே வந்தது.

ஓய்வூதியம், ஊனம் சம்பந்தமான வழக்கு என்றால் ராணுவத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தொடங்கிய 'வீர் பரிவார்' திட்டத்தில் சைனிக் போர்டு அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையம் வைக்க ஏற்பாடு. கேட்டுப் பாருங்கள்.

"அண்ணா, அவர் போய் இருபது நாள் ஆச்சு. பெட்டியில ஒரே காகிதமா இருக்கு. எதை எடுத்துக்கிட்டு முதல்ல எங்க போறது?"

முதலில் இறப்புச் சான்றில் அவர் பெயர் பி.பி.ஓ.வில் உள்ள மாதிரியே இருக்கிறதா பாருங்கம்மா. இல்லாவிட்டால் அதைச் சரி செய்த பிறகுதான் மற்றது. அடுத்து, பி.பி.ஓ.வில் உங்கள் பெயர் மனைவியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருந்தால் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஸ்பர்ஷில் தகவல் கொடுத்தால் போதும், பொது சேவை மையத்தில் செய்து தருவார்கள். இல்லாவிட்டால் பெயர் பற்றி மேலே சொன்ன வழி. கணவர் இறந்ததைச் சொல்லாமல் அவர் கணக்கில் வரும் பணத்தை எடுக்க வேண்டாம், பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.

கணவர் ஓய்வு பெற்றபின் இறந்திருந்தால் முதல் 7 வருடம், அல்லது உயிரோடு இருந்தால் அவருக்கு 67 வயது ஆகும் நாள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை கூடுதல் விகிதம் கிடைக்கும். அதன் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பிறவியிலேயே ஊனமுள்ள பிள்ளை இருந்தால் அதை இப்போதே சொல்லிப் பதியுங்கள், உங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் வர வழி உண்டு.

பிறகு நல அலுவலகம். பெட்டியில் உள்ள எதையும் குப்பை என்று எரிக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். நீல நிறமோ பச்சை நிறமோ, துணி ஒட்டிய சின்னப் புத்தகம் இருந்தால் அதுதான் டிஸ்சார்ஜ் புத்தகம். கிழிந்திருந்தால் பரவாயில்லை. யாராவது சொன்னார்கள் என்று லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள், முத்திரை குத்துவதற்கு அதில் கடைசிப் பக்கம் வேண்டும்.